தானாக முன்வந்தார்

மார்ச் 7

தங்கைக்கு,

என் போனில் உன் நம்பரை முடக்கி வைத்திருக்கிறேன். நாலு நாளாக அழைத்துப் பார்த்திருப்பாய். வேண்டுமென்றேதான் செய்தேன். உன் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எழுதினால் பாதிக் கோபமாவது குறையும் என்றாள் உன் அண்ணி. குறைகிற மாதிரித் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை என் ஓய்வு நாள். ஓய்வு நாளில் கம்பெனி நம்பரிலிருந்து வரும் போனை எந்த விமானியும் எடுக்க மாட்டான். அது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், அந்த மேஜையில் உட்கார்ந்து எங்களுக்கு டியூட்டி போடுகிறவளே நீதானே. எடுக்காதவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எடுத்து ஹலோ சொல்லிவிட்டால் மறுக்க முடியாது, மறுத்தால் பணி மறுப்பு என்று பதிவேறும். அதனால்தான் ஓய்வு நாளில் போனை எங்கேயாவது தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு நடமாடுகிறோம். அன்று அடித்தது கம்பெனி நம்பர் இல்லை. உன் சொந்த நம்பர். காலை ஆறு இருபது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. அண்ணா, உனக்கு எட்டு மணி விமானம் போட்டிருக்கேன்."

கதவில் என் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு எனக்கு நேர்காணல். விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டர் பள்ளி ஒன்று எங்கள் ஊரில் வந்திருக்கிறது. அங்கே பயிற்சியாளர் வேலை. இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் குறைவு. ஆனால் காலையில் போனால் மாலை ஆறு மணிக்கு வீடு.

நாலு மாதமாக நானும் உன் அண்ணியும் சமையலறையில் உட்கார்ந்து இதைப் பேசித் தீர்த்திருந்தோம். ஒன்பது வருஷமாகக் கோ-பைலட். விமானத்தின் கதவை மூடினால்தான் எங்கள் சம்பள நேரம் ஓட ஆரம்பிக்கும், திறந்தால் நின்றுவிடும். பனிமூட்டத்தில் மூன்று மணி நேரம் சீருடையோடு காத்திருந்தால் அது கணக்கில் இல்லை. கேப்டன் ஆகலாம், சம்பளம் ஒன்றரை மடங்காகும். ஆனால் ஆனதும் கேப்டன்களின் சீனியாரிட்டி வரிசையில் நான் கடைசி ஆளாகிவிடுவேன். கடைசி ஆளுக்கு வேறு ஊர், அங்கே பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் ஸ்டாண்ட்பை. இன்னும் ஐந்து வருஷம் அப்படிப் போனால் பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். காரை விற்றுவிடலாம், தரையில் வேலை பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

எட்டு மணி விமானத்துக்குப் போனேன். மூன்றாவதாக இறங்கிய ஊரில் பிரேக்கில் எண்ணெய்க் கசிவு, விமானம் அங்கேயே நின்றது. நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் இரண்டு இரவு. வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமையே அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன் அண்ணி என்னைத் திட்டவில்லை. சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தங்கச்சி என்று நம்பி எடுத்தேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அண்ணன்

மார்ச் 12

அண்ணா,

"என்னடி எழுதியிருக்கான்?" என்று அம்மா கேட்டாள். எல்லோரும் நலமா என்று கேட்டிருக்கிறான் என்று சொல்லி வைத்தேன். உன் பெயரைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்களில் இது எத்தனையாவது என்று தெரியவில்லை.

அன்று காலை என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. ஐந்து மணிக்கு ஒரு கோ-பைலட்டுக்குக் காய்ச்சல். ஐந்தரைக்கு இன்னொருவருக்கு வயிற்றுவலி. ஸ்டாண்ட்பையில் இருந்தவரை முதல் நாளே வேறு ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. அறுபத்தெட்டுப் பேர் டிக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். பதினொரு பேருக்குப் போட்டேன். பதினொரு போனும் தலையணைக்கு அடியில்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஹெட்மாஸ்டர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாக நடப்பார். அன்று நடக்கவில்லை, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் போன்ல உங்க அண்ணன் நம்பர் இருக்கும்ல? அதுல போடு."

அவனுக்கு இன்று ஓய்வு நாள் சார் என்றேன். குடும்பத்துக்குள்ளே ஒரு போன், அதில் என்னம்மா இருக்கிறது என்றார். பிறகு, நவம்பரில் யார் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில், சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போட்டேன்.

செய்தது தப்பு. இதை ஒரு முறைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் மிச்சத்தை என் தலையில் கட்டாதே. நேர்காணல் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் மாமியாருக்குத் தெரியும். மாடி வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் கார் வாங்கப் போகிறாராமே. கூடப் பிறந்தவளுக்குத் தெரியாது. நான் கம்பெனி அலுவலகத்தில் இருப்பதால் போய்ப் போட்டுக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் போனில் உன் நம்பரே இல்லை என்று அந்த ஆளிடம் சாதித்திருப்பேன். நம்பிக்கையைப் பற்றி நீ எனக்கு எழுதுகிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நான் வேலையில் சேர்ந்த அன்றே, அண்ணனுக்கு இனி நல்ல டியூட்டிதான் என்று காதுபடப் பேசினார்கள். அந்தப் பேச்சு வரக்கூடாது என்று, ஒரே நாளுக்கு நீயும் இன்னொருவரும் விடுப்புக் கேட்டால் இன்னொருவருக்கே கொடுத்தேன். பாப்பாவின் பள்ளி விழாவுக்கு நீ கேட்ட நாளும் அப்படித்தான் போயிற்று. என் நேர்மையைக் காட்ட உன் வீட்டு நாட்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுதும்போதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

விமானிகள் என்னைப் பேசுகிற பேச்சை நீ கேட்டதில்லை. உனக்கெல்லாம் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதா என்று நேற்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, அவனும் இப்படித்தான் கேட்கிறான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

உன் தங்கை

மார்ச் 18

தங்கைக்கு,

பள்ளி விழா விஷயத்தை உன் அண்ணியிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதைப் பற்றித் திட்டத்தான், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கு நல்லது செய்ய வேண்டாம். கெட்டது செய்யாமலாவது இருந்திருக்கலாம்.

அதை விடு. எங்கள் விமானிகள் சங்கச் செயலாளரைப் பார்த்தேன். இங்கேயே கேப்டனாக இருப்பவர், விதிப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பார். ஓய்வு நாளில் கூப்பிடுவதென்றால் பேச்சைப் பதிவு செய்யும் அலுவலக நம்பரிலிருந்து மட்டும்தான் கூப்பிட வேண்டுமாம். வேறு வழியில் கூப்பிட்டுப் போட்ட டியூட்டி செல்லாது. நான் ஒருவன் மட்டும் இல்லை. ஒரு விமானியின் மனைவிக்குப் போன் போட்டு, பார்சல் வந்திருக்கிறது, அவரைக் கூப்பிடுங்கள் என்றார்களாம். இன்னொருவரை அவர் சிநேகிதனின் போனிலிருந்து பிடித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வயிற்றெரிச்சல், யார் கையிலும் எழுத்தில் ஒன்றும் இல்லை.

நான் புகார் கொடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் சொல்லித்தான் சொந்த நம்பரில் கூப்பிட்டேன் என்று நீ ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், அவர்களால் மறுக்க முடியாது. நீ செய்ததற்கு இதையாவது செய்.

நான் சம்பளம் சம்பளம் என்று கத்துவதாக நீ நினைக்கலாம். முந்தாநாள் உன் அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சம்பளம் வேணாம்னு நான் சொல்லல. ஆளும் வேணும்னு சொல்றேன். ரெண்டையும் கேட்டா பேராசையா?" இரவு ஓட்டலில் படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன்.

பதினைந்து நாளில் நான்கு இரவுதான் வீட்டில் படுத்தேன். பாப்பா வீட்டுக்கு வந்தவரிடம், "எங்க அப்பா நாளைக்குப் போயிடுவாங்க, இன்னிக்கே பேசிக்கோங்க," என்று சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சீக்கிரம் எழுது.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். 'நீ செய்ததற்கு இதையாவது செய்.' கடனைக் கேட்கிற மாதிரி கேட்கிறாய். நீ நிரந்தர ஊழியன், உன்னை ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். எனக்கு நவம்பர் வரை ஒப்பந்தம். வேலை போனால் அம்மாவையும் என்னையும் யார் பார்ப்பார்கள்? நீயா? நீ இன்னும் காரையே விற்கவில்லை. எழுத மாட்டேன் என்று முடிவு செய்து இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

நேற்று மாலை ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அன்றைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் மூன்று, எட்டு மணி விமானம், உன் பணி எண். அழைத்தவர் என்ற இடத்தில் நான் எழுதிய என் பெயரை அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஹெட்மாஸ்டரின் சாய்ந்த கையெழுத்தில், 'தானாக முன்வந்தார்.'

நீ தானாக முன்வந்தாயாம். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே முன்வந்தாயாம். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தைய பக்கங்களையும் புரட்டினேன். ஜனவரியிலிருந்து பதினான்கு பேர் தானாக முன்வந்திருக்கிறார்கள். இவ்வளவு ஆர்வமான விமானிகள் எந்தக் கம்பெனியில் இருப்பார்கள் சொல்.

தப்பைச் செய்ய வைத்தார், செய்தேன், அது என் கேவலம். ஆனால் தப்பே நடக்கவில்லை என்று எழுதி வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்று காலையே வாக்குமூலம் எழுதி, உங்கள் சங்கத்தின் இந்த ஊர்க் கிளையில் கொடுத்துவிட்டேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஹெட்மாஸ்டர் சொன்ன வார்த்தைகள், நேரம், நான் போட்ட பதினொரு நம்பர்கள், பதிவேட்டில் அடித்து எழுதியது எல்லாம் இருக்கிறது. நீ கேட்டாய் என்பதற்காக எழுதவில்லை. இதைப் புரிந்துகொள்.

இனி நீ சொல்லப்போவதும் நான் எழுதியதும் ஒன்றாக இருந்தால் போதும். விசாரணைக்குக் கூப்பிட்டால் நடந்ததை நடந்தபடி சொல். உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வத்தல் தொத்தலாக இருக்கிறாயே, வேலை அதிகமா என்கிறாள்.

உன் தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் மார்ச் 27ஆம் தேதி கிடைத்தது. ஆறு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

26ஆம் தேதி உங்கள் ஹெட்மாஸ்டர் விமானத்தில் இங்கே வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்தார். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்றார். மேஜைமேல் மாத டியூட்டி சார்ட் ஒன்றை வைத்தார். திங்கள் முதல் வெள்ளி வரை காலை போய் மாலை திரும்பும் விமானங்கள். சனி ஞாயிறு வீடு. சம்பளத்தில் குறைவில்லை. பதினெட்டு வருஷ சீனியர்களுக்குக்கூட அப்படி ஒரு சார்ட் கிடைக்காது. ஏப்ரல் ஒன்றிலிருந்து இது உங்களுக்கு என்றார்.

கூடவே ஒரு தாள். மார்ச் மூன்றாம் தேதி வந்தது குடும்ப அழைப்பு, பேச்சுவாக்கில் ஆள் இல்லை என்று தெரிந்து நானே வருவதாகச் சொன்னேன் என்று இருந்தது.

நீ எழுத மாட்டாய் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உன் கையெழுத்து இல்லாமல் புகார் நிற்காது என்று செயலாளரே சொல்லியிருந்தார். எப்படியும் தோற்கப் போகிறது, கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று போட்டுவிட்டேன். மறுநாள் உன் கடிதம் வந்தது.

நேற்று மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே வந்த அப்பாவைப் பார்த்துப் பாப்பாவுக்கு ஒரே குழப்பம். தட்டு எடுத்து வைக்கலாம் என்று போனால் எந்த அலமாரியில் தட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில், என் தட்டு. உன் அண்ணி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். அவளுக்கு இந்தத் தாளைப் பற்றித் தெரியாது. சீனியாரிட்டியில் கிடைத்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கோபத்தில் எழுதிவிட்டேன், சரியாக ஞாபகமில்லை என்று சொல்லி அந்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கொள். உனக்கு ஒன்றும் ஆகாது என்று அவரே சொன்னார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மனுஷன் மாதிரி வாழக் கிடைத்திருக்கிறது. கெடுத்துவிடாதே.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைக்குமுன்பே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏப்ரல் 6, காலை பத்து மணி. மூன்று அதிகாரிகள். என் வாக்குமூலத்தை ஒரு பக்கம் வைத்தார்கள், உன் தாளை இன்னொரு பக்கம் வைத்தார்கள். படித்துப் பாருங்கள் என்றார்கள். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் பத்தாம் வகுப்பு மார்க் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக நீதானே போட்டாய்.

"உங்க அண்ணனே இல்லைங்கிறார். அப்போ நீங்க எழுதினது என்னம்மா?"

நான் எழுதியதுதான் நடந்தது என்றேன். மேலதிகாரிமேல் பொய்ப் புகார் என்று எழுதிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருஷப் பழக்கம் மாதிரி, பார்த்துப் போம்மா என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவனா போட்டான்?" ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

நீ வீட்டில் இருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐந்தரைக்குப் போ, பாப்பாவோடு விளையாடு, தட்டைத் தேடிக் கண்டுபிடி. அது உனக்கு நியாயமாகவே கிடைக்க வேண்டியது. இத்தனை வருஷம் கொடுக்காமல் வைத்திருந்து, இப்போது ஒரு பொய்க்குக் கூலியாகக் கொடுத்தார்களே, அதை நீ எப்படி இரண்டு கையையும் நீட்டி வாங்கினாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நீ எழுதியிருக்கிறாய், மனுஷன் மாதிரி என்று. அந்த வார்த்தையை மூன்று முறை படித்தேன்.

ஒரு போன் போட்டதற்கு என்னை ஒரு மாதம் முடக்கி வைத்தாய். நான் போட்டபோது என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். நீ கையெழுத்துப் போட்டபோது உன் பின்னால் யாரும் நிற்கவில்லை. உனக்கு டீ கொடுத்தார்கள்.

நான் எதையும் திரும்ப வாங்கப் போவதில்லை. இனி எழுதாதே.

ஏப்ரல் 19

தங்கச்சி,

எழுதாதே என்றாய். இதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் கொடுத்தேன். முதலில் என் வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை, கடிதத்தையே கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு, "சீனியாரிட்டின்னு சொன்னீங்களே," என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஐந்தரைக்கு வந்து ஐந்தரையிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பா மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், நான் போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், சார்ட் போய்விடும் என்றேன். அவளுடைய பதிலையும் அப்படியே எழுதுகிறேன். "அந்த சாயந்திரமெல்லாம் எனக்கு வேணாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப வேணும். போயிட்டு வாங்க." சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் இறங்கி வரவில்லை.

16ஆம் தேதி விசாரணையில் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியானால் இந்தக் கையெழுத்து என்ன என்று உன் வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் இருந்த என் தாளைக் காட்டினார்கள்.

"அது கூலி வாங்கிட்டுப் போட்டது சார்," என்றேன். "கூலி இந்த மாச சார்ட்ல இருக்கு, பாருங்க."

பார்த்தார்கள். ஒன்பது வருஷக்காரனுக்கு அப்படி ஒரு சார்ட் எப்படி வந்தது என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. செயலாளர் பதிவேட்டை வரவழைத்தார். பதினான்கு பேரில் ஆறு பேர் அன்றே வந்து, நாங்களும் முன்வரவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் உன்னைப் போனில் கண்டபடி பேசியவர்கள். சொல்லச் சொன்னார்கள், அதனால் சொல்கிறேன்.

எனக்குப் பொய்யாக எழுதிக் கொடுத்ததற்காகத் தண்டனை. இரண்டு வருஷம் கேப்டன் தேர்வுக்கு உட்கார முடியாது. மே மாதத்திலிருந்து ஸ்டாண்ட்பை. ஆகக் கேப்டன் சம்பளமும் இல்லை, சாயங்காலமும் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன். அவர்கள்மேல் நிறைய இருக்கிறது, குறையாது. மிச்சத்தை வைக்க வேறு இடம் இல்லை, என்மேலேயே வைத்துக்கொண்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மா சாப்பிடுகிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அண்ணன்

ஏப்ரல் 29

அண்ணா,

அம்மா சாப்பிடுகிறாள். நீ போய்ச் சொன்னதை நான் படித்துக் காட்டினேன். அந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்கக் கூடாதா என்றாள், பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.

திங்கட்கிழமை என் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம், சொந்தப் போனைப் பயன்படுத்தியதற்காக. வாங்கிக்கொண்டேன், அது சரிதான். ஹெட்மாஸ்டரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. சரக்குப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், அதே சம்பளம், பெரிய அறை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பெட்டிகளுக்கு ஓய்வு நாள் கிடையாது, அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, நல்லது. எனக்கே தெரியாது. உன் முகத்தை நேரில் பார்த்தால் தெரியலாம்.

வந்த அன்றே எனக்குக் கொடுத்த வேலை மே மாத சார்ட். உனக்குக் கொடுத்திருந்த அந்தத் திங்கள்–வெள்ளி டியூட்டி சீனியாரிட்டிப்படி பத்தொன்பது வருஷக்காரர் ஒருவருக்குப் போனது. ஸ்டாண்ட்பை பட்டியலைத் திறந்தேன். கடைசி இடம் காலியாக இருந்தது. தண்டனை உத்தரவு பக்கத்தில் இருந்தது, உன் பணி எண்ணை நானே தட்டினேன். இந்தத் தடவை உனக்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. விதி எப்படியோ அப்படி. தட்டி முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிறு உனக்கு டியூட்டி. போட்டவள் நான்தான்.

உன் தங்கை